அவுட்டோர் வேதாந்தம் எடுத்த கிரகணக் கல்யாணம்

மயிலாப்பூரில் வேதாந்தம் என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். அவுட்டோர் வேதாந்தம் என்று விசாரித்தால் ஒரே ஒருவரைத்தான் காட்டுவார்கள். கேசவப் பெருமாள் கோவிலுக்குப் பின்னால், மாவு மில்லுக்கும் தையல் கடைக்கும் நடுவே, பத்துக்கு எட்டு அளவில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கழுத்தில் கேமரா, காலில் ரப்பர் செருப்பு. இப்படி ஒரு மனிதர் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு புதுப்பெண்ணையும், தூக்கம் கலையாத ஒரு மாப்பிள்ளையையும் அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு மரம் தேடிப் போவதைத் தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு.

நான் அவரோடு எட்டு வருஷம் கூட்டாகத் தொழில் பார்த்தவன். அவர் ஃபோட்டோ, நான் வீடியோ. ஷஃபியுல்லா என்ற என் பெயரை ஷஃபி என்று சுருக்கியது அவர். அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டது நான். எட்டு வருஷத்தில் என் லென்ஸில் விழாத அட்சதை இல்லை. சம்பந்திச் சண்டை வந்தால் டேப்பை நிறுத்திவிட்டு நானே போய்ச் சமாதானம் பேசியிருக்கிறேன். அந்தக் கல்யாணங்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து மறந்துபோய்விட்டன. ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் மனுஷரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குப் புரியாது.

அவருக்குக் கல்யாண மண்டபம் என்றாலே ஆகாது. அந்தக் காலத்தில் வீடியோவுக்கு ஆயிரம் வாட்ஸ் லைட் போடுவோம். லைட்டைக் கண்டதும் பெண் கண்ணைச் சுருக்கும், மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும், மாமியார் பூசிய பவுடர் வழியும். "இது கல்யாணமா, போலீஸ் விசாரணையா?" என்று என்னைத் திட்டுவார். முகூர்த்தத்தை வேறு வழியில்லாமல் உள்ளே எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஜோடியை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். அடையாறு முகத்துவாரத்து மணல், கிண்டிப் பூங்காவில் ஆலமரத்தடி, கோட்டூர்புரம் ஆற்றங்கரை, பெசன்ட் நகர் கடற்கரை. எந்த மாசத்தில் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் எந்தப் பக்கமாக விழும் என்பது அவருக்கு மனப்பாடம். மற்றவர்கள் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் பார்த்தால் இவர் சூரிய உதயம் மட்டும் பார்ப்பார் என்று நான் கேலி செய்வேன். அது பொய். ராகுகாலமும் பார்ப்பார்.

லைட் மீட்டர் என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை. உள்ளங்கையை வெயிலில் நீட்டுவார். விரல்களின் நிழல் எப்படி விழுகிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். உடனே கேமராவில் நம்பரைத் திருப்புவார். முப்பத்தாறு படத்தில் ஒன்றுகூடத் தப்பாது. எப்படிச் சாமி என்று கேட்டால், "சமையல்காரன் உப்பை அளந்தா போடறான்?" என்பார்.

மரத்தடியில் படம் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. இலைகளுக்கு நடுவே புகுந்து வரும் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும். நேரில் லட்சணமாக இருக்கிற பெண், படத்தில் அம்மை போட்டு எழுந்தவள் மாதிரி இருப்பாள். வேதாந்தம் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பையிலிருந்து எட்டு முழ மல் வேட்டி ஒன்றை எடுத்து, ஜோடியின் தலைக்கு மேலே நாலு கிளைகளில் நாலு முனையையும் இழுத்துக் கட்டிவிடுவார். வெயில் வேட்டியில் விழுந்து, வடிகட்டிய பால் மாதிரி கீழே இறங்கும். அந்த வேட்டியை அவர் மனைவி ஜலஜா மாமி தனியாகத் துவைத்து நீலம் போட்டு மடித்து வைப்பார். வேட்டி கட்டாமல் அவர் மரத்தடியில் ஒரு படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆசாரத்தில் ஆள் படு கெட்டி. அதுவும் கிரகணம் என்றால் கேட்கவே வேண்டாம். பிடிக்கும்போது ஒரு குளியல், விடும்போது ஒரு குளியல், நடுவில் தர்ப்பணம், ஜபம். பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. மாமி ஊறுகாய் ஜாடி வரைக்கும் தர்ப்பைப் புல் போட்டு வைத்துவிடுவார். வாசல் கதவு திறக்காது. ஒரு கிரகணத்தன்று அவசரமாகப் பேட்டரி வாங்கப் போன என்னை ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிய மகானுபாவர் அவர்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. அது எனக்கும் இருந்ததால் அப்போது தப்பாகவே தெரியவில்லை. குரூப் படம் எடுக்கும்போது முன்வரிசையில் ஒன்றரைக் கண்ணோ, முகத்தில் தழும்போ உள்ளவர்கள் நின்றால், "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போம்மா" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். அவர்களும் போய்விடுவார்கள்.

தொண்ணூற்றைந்து செப்டம்பரில் ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்துநாலு வயசு இருக்கும். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். பெயர் எழிலரசி. வீடு கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசைப் பகுதியில். கிண்டி தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. அவள் அப்பா துரைராஜ் அதே தொழிற்பேட்டையில் வெல்டர், கறுப்புச் சட்டைக்காரர், சாமியும் கிடையாது சடங்கும் கிடையாது. மாப்பிள்ளை செம்பியன் அவரோடு வேலை பார்க்கிற பையன்.

"அடுத்த மாசம் இருபத்தி நாலாந்தேதி கல்யாணம் சார். காலைல எட்டரை மணிக்கு. எங்க வூட்டாண்ட, மரத்தடில. வெளிய எடுக்கறதுல நீங்கதான் கைகாரர்னு சொன்னாங்கோ" என்றாள்.

வேதாந்தம் காலண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "தீபாவளிக்கு மறுநாள். செவ்வாக்கெழமை, அமாவாசை. போறாததுக்கு அன்னிக்குக் காலம்பற சூரிய கிரகணம்மா!"

"தெரியும் சார். அதுக்காண்டிதான் அன்னிக்கி வெச்சிகினோம்."

"நான் வரமாட்டேன். கிரகணத்தன்னிக்கு நான் வாசப்படி தாண்டறதில்லை. வேற யாரையாவது பாத்துக்கோ" என்று காலண்டரை விட்டுவிட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. மெதுவாகக் கைக்குட்டையை எடுத்தாள். மேலுதட்டிலிருந்து மூக்குவரை ஏறிப்போன தழும்பு. பிறக்கும்போதே பிளந்திருந்த உதட்டைச் சின்ன வயசில் தைத்திருக்கிறார்கள்.

"என்னத் தெரியுதா சார்? போன தை மாசம் பெசன்ட் நகர்ல எங்க சூப்பர்வைசர் அக்கா கல்யாணம். நீங்கதான் படம் எடுத்தீங்கோ. நான் அக்கா பக்கத்துல நின்னுகினு இருந்தேன். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போம்மான்னீங்கோ. போய்ட்டேன். நீங்க தப்பா சொல்லல சார். எல்லாருந்தான் சொல்றாங்கோ."

எனக்கு அந்தக் கல்யாணம் நினைவிருந்தது. தோட்டத்தில் கட்டிய ஊஞ்சல் நினைவிருந்தது, பந்தியில் போட்ட பாதுஷா நினைவிருந்தது. இந்தப் பெண் நினைவில்லை. நான் டேப் பெட்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவளே மேலே சொன்னாள். "நான் வயித்துல இருக்கச்சொல்ல ஒரு நாள் சந்திர கிரகணம். அன்னிக்கின்னு பாத்து தண்ணி லாரி வந்துகீது. வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல. எங்கம்மா கொடத்த தூக்கிகினு ஓடிச்சி. நான் இப்பிடிப் பொறந்தேன். கிரகணத்துல வெளிய போயி புள்ளைய மூளியாக்கிட்டான்னு சொந்தக்காரங்கள்லேர்ந்து வழில போறவங்க வரிக்கும் சொல்லிட்டாங்கோ. எங்கப்பாரு ஊருக்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசறவரு. அவரு சொல்லி ஊரு கேட்டாலும் கேக்கும், எங்கம்மா கேக்காது. இருபத்தி நாலு வருசமா யாரு மூஞ்சியயும் நிமிந்து பாக்கறதில்ல சார். என் மூஞ்சியயுந்தான்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணணும்?" வேதாந்தத்தின் குரல் இறங்கியிருந்தது.

"கிரகணம் புடிச்சிருக்கற நேரத்துல, வெட்ட வெளில, எங்கம்மாவும் நானும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும். ஒரே ஒரு படம். அதுல யாரும் என்ன அந்தப் பக்கம் போன்னு சொல்லக்கூடாது. அவ்ளோதான் சார். அத பாத்துட்டாவது கிரகணம் ஒண்ணும் பண்ணாதுன்னு எங்கம்மாவுக்கு நம்பிக்க வரும்."

"அம்மா வரேன்னு சொல்லிட்டாளா?"

"எங்க சார்! கதவ சாத்திகினு உள்ள உக்காந்துக்குவேன், விட்டப்புறம் வர்றேன்னு சொல்லிகினு கீது."

வேதாந்தம் காலண்டரில் அந்தத் தேதி மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு, "எட்டரை மணின்னா நான் ஏழுக்கு அங்க இருக்கணும். வெயில் எந்தப் பக்கம்னு பாக்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் போனபிறகு, "சாமி, நெசமாவா?" என்று கேட்டேன். "நான் அன்னிக்கு அந்தப் பொண்ணைப் பாக்கவே இல்லடா ஷஃபி. தழும்பைத்தான் பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு டார்க் ரூமுக்குள் போய்விட்டார்.

ஜலஜா மாமி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என் வீட்டிலும் சும்மா விடவில்லை. கிரகணத்துக்கென்று எங்களுக்குத் தனித் தொழுகை உண்டு. "ஊரே பள்ளிவாசலுக்குப் போவுது, நீங்க கல்யாணத்துக்குப் போறீங்க" என்றாள் என் மனைவி அஸ்மத்துன்னிசா. வருகிற வழியில் ஒரு அவசரத் தொழுகை தொழுதுவிடுவேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொள்ளப் போனேன். தலை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். மாமி வாசல்வரை வந்து கேமரா பையைக் கொடுத்தார். உள்ளே பார்த்தால் ஃபிலிம் ரோல்களுக்கு மேலே ஒரு தர்ப்பைப் புல். "அதுக்கும் போட்டுட்டேன். வர வழியில எதையும் சாப்பிடாம இருக்கச் சொல்லுங்கோ" என்று என்னிடம் சொன்னார். அவரிடம் இன்னும் பேச்சு இல்லை.

பந்த் நாளில்கூட மெட்ராஸை நான் அப்படிப் பார்த்ததில்லை. லஸ் முனையில் ஒரு ஆள் இல்லை. பூக்காரிகள் இல்லை, காய்கறி வண்டிகள் இல்லை, காலியாக ஒரு பஸ் மட்டும் போனது. தெரு முழுக்க முந்தின நாள் வெடித்த பட்டாசுக் காகிதம் மழையில் நனைந்து சிவப்பாகக் கிடந்தது. வானம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக ஒரு பெரிய வேப்பமரம். அதன் அடியில் முப்பது நாற்பது நாற்காலிகள், ஒரு மேசை, ஒலிபெருக்கி. மரத்துக்கு எதிரிலேயே எழிலரசியின் வீடு, பழைய தகரம் வேய்ந்த ஒற்றை அறை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் உள்பக்கமாகத் துணி கட்டியிருந்தது. துரைராஜ் கறுப்புச் சட்டையோடு ஓடி வந்தார். கூட வேலை பார்க்கிறவர்களின் வெல்டிங் கண்ணாடிகளைக் கடன் வாங்கி ஒரு பையில் கொண்டுவந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எரநூறு பேருக்கு பத்திரிக்க குட்த்தேன் சார். நாப்பது பேரு வந்துகீறாங்கோ. மீதிப் பேருக்கெல்லாம் தீபாவளி பலகாரம் வயித்த கலக்கிட்ச்சாம்" என்று சிரித்தார். பிறகு சாத்திய கதவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "எம்பொஞ்சாதி சொர்ணம் வரமாட்டேன்னுட்டுது சார். பொண்ணு காலைலேர்ந்து மூணு வாட்டி கூப்ட்டுப் பாத்துச்சி."

வேதாந்தம் கேட்டுக்கொண்டே வேட்டியை எடுத்து உதறினார். நாலு கிளையிலும் இழுத்துக் கட்டினார். பெண்ணும் மாப்பிள்ளையும் அதன் கீழே வந்து நின்றார்கள். எழிலரசி மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் அப்போதும் கைக்குட்டை.

ஏழரைக்கு மேல் கிரகணம் பிடித்துவிட்டது என்று வெல்டிங் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைமை தாங்க வந்த வழுக்கைத் தலைப் பெரியவர் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்குமேல் ஏதோ மாறியது. வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை. மேகம் மறைத்த மங்கலும் இல்லை, சாயங்கால மங்கலும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு வெளிச்சம். குடிசைகளின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் கத்தாமல் இருந்தன. வேதாந்தம் உள்ளங்கையை வெளியே நீட்டினார். விரல் நிழல் பிளேடால் வெட்டிய மாதிரி விழுந்தது. நம்பரைத் திருப்பப் போன அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் கணக்குத் தடுமாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஷஃபி, எனக்கு ஒண்ணும் பிடிபடலடா. என்ன வெளிச்சம் இது?"

அப்போதுதான் நான் கேமரா ஒயரை நகர்த்துவதற்காகக் கீழே குனிந்தேன்.

வேட்டியின் நிழல் சதுரமாக விழுந்த இடத்தை விட்டு, மற்ற தரை முழுக்கப் பிறைகள். மரத்தின் கீழே பொட்டுப் பொட்டாக விழும் வெயில் ஒன்றுகூட வட்டமாக இல்லை. சிவப்புப் பட்டாசுக் காகிதத்தின் மேல், நாற்காலிகளின் மேல், தண்ணீர்ப் பானையின் மேல், பேசிக்கொண்டிருந்த பெரியவரின் வழுக்கை மேல், ஆயிரக்கணக்கான பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. காற்று வீசிக் கிளை அசைந்தபோது அத்தனையும் சேர்ந்து அசைந்தன.

"சுப்ஹானல்லாஹ்" என்றேன். பக்கத்தில் "நாராயணா" என்று கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து துரைராஜ், "அடேங்கப்பா!" என்றார். மூன்று பேரும் சொன்னது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். நாற்பது பேரும் எழுந்து தரையைப் பார்த்தார்கள். யாரும் மிதிக்கத் துணியவில்லை. வெல்டிங் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு அம்மாள் தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள். அதிலும் வந்து விழுந்தன.

துரைராஜ்தான் முதலில் விளங்கிக்கொண்டார். "எலை சந்துல பூந்து வர்ற வெளிச்சம் ஒண்ணு ஒண்ணும் சூரியனோட உருவந்தான் சார். தெனிக்கும் வட்டமா வுழுது, நாம கண்டுக்கறதில்ல. இன்னிக்கி அது கொறஞ்சி கீது, இதுவும் கொறஞ்சி கீது."

"தெனமுமா?" என்றார் வேதாந்தம். "அப்போ பொட்டு விழறது, பொட்டு விழறதுன்னு நான் இத்தனை வருஷமா திட்டினதெல்லாம் சூரியனா?"

"ஆமா சார், அத்தனயும் சூரியந்தான்."

அவர் ஜோடியின் தலைக்கு மேலே கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தார். அதன் கீழே மட்டும்தான் ஒன்றுமில்லை. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. வேதாந்தம் அப்படியொரு கத்தல் கத்தி நான் கேட்டதில்லை. "அவுருங்கோ! வேட்டியை அவுருங்கோ! சீக்கிரம்!" என்று கத்தினார். நாலு வாலிபர்கள் திகைத்துப்போய் முதலில் தங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு புரிந்து கிளைகளுக்குத் தாவினார்கள். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வேட்டி சரிந்து கீழே விழுந்தது. பிறைகள் எழிலரசியின் மேல் இறங்கின. மாம்பழப் பட்டில், தோளில், கழுத்தில், நெற்றியில், கன்னத்தில், அந்தத் தழும்பின் மேலும் ஒன்று. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, அவற்றில் விழுந்ததைப் பார்த்தாள். கைக்குட்டை எங்கேயோ விழுந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து சிரித்தாள். செம்பியன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான், மாலை போட வேண்டும் என்பதையே மறந்துவிட்டான். வேதாந்தம் உள்ளங்கையை நீட்டவில்லை. குத்துமதிப்பாக நம்பரை இரண்டு கட்டம் தள்ளி, "பெருமாளே, நீயே பாத்துக்கோ" என்று எடுக்க ஆரம்பித்தார்.

மாலை மாற்றி முடித்தார்கள். உறுதிமொழி வாசித்தார்கள். அவள் தலை மட்டும் அடிக்கடி அந்தச் சாத்திய கதவுப் பக்கம் திரும்பியது. வெல்டிங் கண்ணாடியில் பார்த்தவர்கள், உச்சம் முடிந்து விட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். வேதாந்தம் என் பக்கம் பார்த்தார். அவள் கேட்ட படம் ஒன்றே ஒன்று. அதை எடுக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவா முடியும்?

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல். "எயிலு! ஏ எயிலு! இங்க வா! உள்ள வந்துட்ச்சி!"

எழிலரசி மாலையோடு ஓடினாள். பின்னாலேயே நாங்கள். அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. பழைய தகரக் கூரையில் எப்போதோ ஆணி பிடுங்கிய ஓட்டைகள் இருபதாவது இருக்கும். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு வெளிச்சக் கோடு சாய்வாக இறங்கி, முடிகிற இடத்தில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு பிறை. சுவரில், பாயில், கவிழ்த்து வைத்த குடத்தில். மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த சொர்ணத்தம்மாவின் மடியில் நாலு. மரத்தடியில் நான் பார்த்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. என் கேமரா தோளிலிருந்து இறங்கிக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த டேப்பில் அந்த நேரத்துக்கு என் செருப்பும் தரையும்தான் பதிவாகியிருக்கின்றன. குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது.

"கதவ சாத்தினேன். ஜன்னலுக்குத் துணி கட்டினேன்" என்றார் அந்த அம்மா. குரலில் பயம் இல்லை, பிரமிப்புதான் இருந்தது. "பாரேன், மடில வந்து உக்காந்துகினு கீது." ஒரு பிறையின் கீழே உள்ளங்கையைக் கொண்டுபோனார். அது கையில் ஏறிக்கொண்டது. "சுடவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கையை எடுக்காமலே அவர் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"அப்போ அன்னிக்கி நான் தண்ணிக்கிப் போவாம உள்ளயே உக்காந்து இருந்தா மட்டும் இது வராம இருந்திருக்குமா?"

"வந்துதான் இருக்கும்மா" என்றாள் எழிலரசி. "வந்து இப்பிடித்தான் உக்காந்துகினு இருந்திருக்கும். அது யாரையும் ஒண்ணும் பண்ணலம்மா."

சொர்ணத்தம்மா மடியைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து, எங்களைத் தாண்டி, தானாகவே வாசலுக்கு வெளியே வந்து நின்றார். வெளிச்சத்தில் கண் கூச, தலை குனிந்தபடி நின்றார். துரைராஜ் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். இருபத்துநாலு வருஷம் மேடையில் பேசியும் முடியாதது, நாலு ஆணி ஓட்டையால் முடிந்துவிட்டது.

வேதாந்தம் அம்மாவையும் பெண்ணையும் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறைகள் கொஞ்சம் தடித்திருந்தன, ஆனாலும் பிறைகள்தான். எழிலரசி பழக்க தோஷத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள்.

"திருப்பாதே. நேரா என்னைப் பாரு" என்றார் வேதாந்தம். "அம்மா, நீங்க கொஞ்சம் நிமிருங்கோ."

"இர்றா நைனா" என்றார் சொர்ணத்தம்மா, குனிந்தபடியே. "இருபத்தி நாலு வருசமா நிமிராத கழுத்து. ஒடனே நிமிருன்னா எப்பிடி?"

வெயில் நகர்ந்துவிடும் என்று ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டாதவர், கல்யாணப் பெண்களையே விரட்டுகிறவர் வேதாந்தம். அன்றைக்குக் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். "நிதானமா நிமிருங்கோம்மா. நான் எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம். ஆற்றுப் பக்கம் காக்கைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன. முதலில் அந்த அம்மாவின் கண் எழிலரசியின் புடவைக் கொசுவத்துக்கு வந்தது. பிறகு மாலைக்கு வந்தது. பிறகு முகத்துக்கு வந்தது. பெண்ணின் உதட்டின் மேல் நின்றிருந்த பிறையை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். வேதாந்தம் ஒரே ஒரு படம் எடுத்தார். வழக்கமாக மூன்று எடுப்பார். இரண்டாவது எடுக்கக் கண் தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, விட்டுப்போன ஜபத்தையெல்லாம் மறுநாள் வரைக்கும் உட்கார்ந்து செய்தார். ஆசாரத்தில் ஒரு நூல்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் லேபுக்கு அனுப்பிய கவரின் மேல், 'டச்சப் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி மூன்று கோடு போட்டிருந்தார். பழக்க தோஷத்தில் அவர்கள் பிறைகளையும் தழும்பையும் பிரஷால் மூடிவிடுவார்களே என்று அவருக்குப் பயம். படம் வந்த அன்றைக்கு ஜலஜா மாமி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அடுத்த கிரகணத்துக்கு என்னையும் அழைச்சுண்டு போங்கோ" என்றார். அதுதான் மாமி பேச்சுக்குத் திரும்பிய நாள்.

டிசம்பரில் வீடியோ டேப்பைக் கொடுக்க நானும் அவரும் கோட்டூர்புரத்துக்குப் போனோம். தூரத்திலிருந்தே தெரிந்தது. நாங்கள் சட்டம் போட்டுக் கொடுத்த படத்தை வாசல் கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில், தெருவைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். மழை படாமலிருக்க அதன் மேலே ஒரு பாலிதீன் பை கட்டியிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். சொர்ணத்தம்மா வாசலில் நின்று ஒவ்வொருத்தி முகத்தையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதாந்தத்துக்குத் தொழில்காரரின் மனசு. பதறிப்போனார். "அம்மா, வெயில் பட்டா கலர் வெளுத்துடும். உள்ள மாட்டுங்கோ."

"வெளுத்தா இன்னொண்ணு போட்டுக் குடு சார்" என்றார் சொர்ணத்தம்மா. "உள்ள இருந்ததெல்லாம் போதும்."